கிணறுகளை எண்ணுவதா, தடைகளை எண்ணுவதா?

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் முகாம்களும் பயனாளிகளும்தான் எண்ணிக்கையாகின்றன. களத்தில் நிற்கும் நாங்கள் அதை ஏற்பதில்லை. காரணம் 1932இலேயே இருக்கிறது.

பூனா ஒப்பந்தத்தையடுத்து, பிர்லா தலைவராகவும் தக்கர் பாபா செயலாளராகவும் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்புச் சங்கம், பின்னர் ஹரிஜன சேவக் சங்கம் ஆனது. அந்த நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் தக்கருக்குக் கடிதம் எழுதினார்: தனிமனிதரைத் திருத்துவதைவிடப் பொதுக் கிணறு, பள்ளி, சம வேலைவாய்ப்பு ஆகிய உரிமைகளுக்கான போராட்டமே முதன்மை. பதில் வரவில்லை; அண்ணல் விலகினார்.

சங்கம் பள்ளிகளும் விடுதிகளும் தனிக் கிணறுகளும் அமைத்தது. நிர்வாகம் சாதி இந்துக்கள் கையில். அது அவர்களின் பிராயச்சித்தம் என்றார் காந்தி. தனிக் கிணறு தாகம் தீர்த்தது. பொதுக் கிணற்றின் தடை அப்படியே நின்றது.

எனவே எந்த நிறுவனத்திடமும் நாங்கள் கேட்பது இரண்டு: ஊரில் எந்தத் தடை உடைந்தது? முடிவெடுக்கும் இடத்தில் எம் மக்கள் இருக்கிறார்களா?