பாதாளத்தில் இறங்கியவர்கள்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "பம்பு, கம்ப்ரஸர்னு எழுதிடாதேப்பா, யாரும் படிக்க மாட்டாங்க." சரி, பம்பு வேண்டாம். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் சில காலம் இருந்தபோது நான் தெரிந்துகொண்ட ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்கிறேன். கிரிக்கெட் இல்லை. குகைக்குள் இறங்கும் விளையாட்டு.

லீட்ஸுக்கு வடமேற்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை இடுக்குகளில் புகுந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, மலைக்குள் வழியும் அறையுமாகக் குடைந்து வைத்திருக்கிறது.

இவற்றில் பேர்போனது இங்கிள்பரோ மலைச்சரிவில் உள்ள கேப்பிங் கில். ஃபெல் பெக் என்ற ஓடை புல்வெளியில் சாதுவாக ஓடி வந்து, திடீரென்று ஒரு துவாரத்தில் விழுந்து மறைகிறது. விழும் ஆழம் ஏறத்தாழ 100 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 72 மீட்டர்தான். கோபுரத்தையே உள்ளே நிறுத்தினாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும்!

முதலில் இறங்கியது யார்?

1842ல் ஜான் பர்க்பெக் என்ற உள்ளூர்க்காரர் இறங்கிப் பார்த்தார். ஓடையைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டி, கயிற்றில் தொங்கிக்கொண்டு பாதி ஆழத்தைத் தாண்டி ஒரு பாறைத் திட்டு வரை போனார். அதற்கு மேல் முடியவில்லை. அந்தத் திட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பிறகு லீட்ஸில் 1892ல் யார்க்‌ஷயர் ராம்ப்ளர்ஸ் கிளப் தொடங்கியது. அந்தக் கிளப்காரர்கள் கேப்பிங் கில்லில் இறங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே, 1895 ஆகஸ்டில் பாரிஸிலிருந்து ஒருவர் வந்து முந்திக்கொண்டார். எட்வார் ஆல்ஃப்ரெட் மார்ட்டெல் என்ற வக்கீல். நூலேணி, மெழுகுவர்த்தி, மேலே இருப்பவர்களோடு பேச ஒரு டெலிபோன், இவ்வளவுதான் சரக்கு. அடி வரை இறங்கிவிட்டார்! நம்ம ஊரில் வேறு ஊர்க்காரன் வந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? ராம்ப்ளர்ஸ் ஆட்கள் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1896ல், தாங்களும் இறங்கினார்கள்.

பிறகு வந்த மாற்றங்கள் நம்ம துறை சம்பந்தப்பட்டவை. கனமான நூலேணி போய், 1930களில் பிரெஞ்சுக்காரர் ராபர் டி ஜோலி மெல்லிய எஃகுக் கம்பியில் இலேசான உலோகப் படிகள் வைத்த ஏணியைக் கொண்டுவந்தார். சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். நைலான் வந்த பிறகு, மேலே ஏறும்போது கயிற்றைக் கவ்வும் கருவிகளும் வந்து ஏணியே தேவையில்லாமல் போனது. மெழுகுவர்த்திக்குப் பின் கார்பைடு விளக்கு, இன்று எல்.இ.டி.

கிளப் என்றால் என்ன?

என்னை அழைத்துப் போனவர் ஆபீஸ் சகா, ஒரு குகைக் கிளப்பின் உறுப்பினர். அந்தக் கூட்டத்தில் பிளம்பர், வாத்தியார், டாக்டர், மாணவர் எல்லோரும் உண்டு. உள்ளே போனால் எல்லார் முகத்திலும் ஒரே சேறுதான், யார் என்ன உத்தியோகம் என்று கண்டுபிடிக்க முடியாது!

இரண்டு கிளப்கள், பிராட்ஃபோர்டும் கிராவனும், ஆண்டுக்கு ஒருமுறை கேப்பிங் கில் வாயில் வின்ச் கட்டிப் பொதுமக்களையும் இறக்குகின்றன. பிராட்ஃபோர்டுக்கு மே மாதக் கடைசி, கிராவனுக்கு ஆகஸ்ட். இறங்குவது இலவசம், ஏறுவதற்குத்தான் காசு என்பது அங்கே வழிவழியாக வரும் ஜோக். நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே கோயில் பிராகாரம் போலப் பெரிய கூடம், தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். வின்ச்சை இயக்குபவர், ஆட்களை எண்ணுபவர், டீ போடுபவர், யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஃபெல் பெக் தண்ணீர், கீழே உள்ள இங்கிள்பரோ குகைக்குப் பக்கத்தில்தான் வெளியே வருகிறது. அந்தக் குகையை 1837ல் திறந்தார்கள். இரண்டுக்கும் இடையே மனிதன் போகக்கூடிய வழி உண்டு என்று முக்குளிப்பவர்கள் நிரூபித்தது 1983ல். நடுவில் 146 ஆண்டுகள்! ஒரு தலைமுறை வரைந்த வரைபடத்தை அடுத்த தலைமுறை கையில் வாங்கிக்கொண்டு தொடர்ந்ததால்தான் இது நடந்தது.

1967 ஜூன் 24

இந்த வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அன்று வார்ஃப்டேலுக்கு மேலே உள்ள மாஸ்டேல் குகைக்குள் பத்துப் பேர் போனார்கள். நான்கு பேர் முன்னதாகவே திரும்பிவிட்டார்கள். வெளியே மழை கொட்டி ஓடை பெருகியது. உள்ளே வழியெல்லாம் தவழ்ந்து போகவேண்டிய தாழ்ந்த பாதைகள். மீட்கப் போனவர்கள் ஓடையைத் திருப்ப வாய்க்கால் வெட்டிப் போராடினார்கள். பயனில்லை. ஆறு இளைஞர்களும் இறந்தார்கள். பிரிட்டனின் குகை விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. அவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, அனுபவசாலிகள். தண்ணீருக்கு அது தெரியாது.

குகை மீட்புக்கென்றே ஒரு தொண்டர் அமைப்பு அந்த வட்டாரத்தில் 1935லேயே உருவாகிவிட்டது. அதில் இருப்பவர்களும் குகைக்குள் போகிறவர்களே. இன்று மீட்கப் போகிறவன் நாளை மாட்டிக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிளப்பில் எனக்குச் சொல்லித்தந்த விதிகள் எளியவை. தனியாகப் போகாதே. விளக்கு ஒன்றுக்கு மூன்றாக வைத்துக்கொள். வானிலை பார், சந்தேகமானால் போகாதே. முக்கியமாக, எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. அந்த நேரம் தாண்டினால் அவர் மீட்புக்குழுவைக் கூப்பிட வேண்டும். ராமாயணத்தில் வாலி பிலத்துக்குள் போன கதை நினைவுக்கு வருகிறதா? எப்போது திரும்புவான், திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்தால் சுக்ரீவன் வாயிலை அடைத்திருக்க மாட்டான், அண்ணன் தம்பி பகையும் வந்திருக்காது!

ஜூனியர்ஸுக்கு ஒரு வார்த்தை. ஹாஸ்டலிலிருந்து அருவி, அணை, கடல் என்று கிளம்புகிறீர்கள். போங்கள், போகவேண்டிய வயசுதான். ஆனால் எங்கே, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி ரூமில் இருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வார்டனிடம் கொடுக்கப் பயமாக இருந்தால் பரவாயில்லை, நண்பனிடமாவது கொடுங்கள்.