கூண்டிலிருந்து வந்த தோத்திரம்

கருமத்தம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, தாழ்வாரத்துக் கம்பிக்கூண்டிலிருந்து பச்சைக்கிளியொன்று "தோத்திரம் சாமி" என்று நம்மை வரவேற்றது. மகிழ்ந்து, கூண்டின்மீதும் தீர்த்தம் தெளித்துத் திரும்பினோம். பின்னரே மனச்சான்று உறுத்தியது.

காட்டுப் பறவைகளுக்கென ஆங்கிலேயர் 1887இல் ஒரு சட்டம் இயற்றினர். நகராட்சி, படைமுகாம் எல்லைகளுக்குள், இனப்பெருக்கக் காலத்தில் மட்டும், புதிதாகப் பிடித்த பறவைகளை வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்க அது வழிசெய்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில், நம் கொங்கு மேட்டுக்காடுகளில் திரியும் கௌதாரியும் காடையும் மயிலும் இடம்பெற்றன, கிளி இடம்பெறவில்லை. அடுத்த பருவத்திலும் வேட்டைக்குப் பறவை வேண்டுமே என்ற கவலையே அவற்றில் மேலோங்கி நின்றது.

விடுதலை பெற்ற இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. கொல்வது மட்டுமன்று, கண்ணி வைத்துப் பிடிப்பதும், கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும் வேட்டையே. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் தடையை மேலும் இறுக்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. ஆகவே, அதைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமே.

இச்சட்டங்களுக்கெல்லாம் முன்னோடி நம் திருவிவிலியத்திலேயே உண்டு. கூட்டில் தாய்ப்பறவையைக் கண்டால் அதைப் போகவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் பணிக்கிறது. குஞ்சுகளை எடுக்க இசைந்த அச்சட்டமும் தாயைத் தொட இசையவில்லை. நம் ஆண்டவரோ, இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் விலைபோன சந்தையை நோக்கி, அவற்றுள் ஒன்றையேனும் தந்தை மறப்பதில்லை என்றார். சட்டம் இனங்களைப் பட்டியலிடுகிறது. இறைவன் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கிறார்.

இங்கே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சட்டத்தின் சுமை முதலில் விழுவது யார்மீது? கண்ணி வைத்துப் பிழைத்த ஏழைமீதும், தெருவோரக் கிளி சோதிடர்மீதும் அல்லவா? விலைகொடுத்து வாங்கிய நாம் நல்லவர்களாகவே எஞ்சுகிறோம். வாங்குவோர் இல்லையெனில் கண்ணியும் இல்லை. அந்த ஏழைகளுக்கு வேறு பிழைப்புத் தேடித் தருவதும் நம் கடனே.

கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரைதேடத் தெரியாது, சிறகிலும் வலுவிராது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. அடுத்த ஆண்டு அத்தாழ்வாரத்தில் நமக்குத் தோத்திரம் சொல்லக் கிளி இல்லையெனில் நாம் வருந்தமாட்டோம். இறைவனுக்கு நன்றி கூறுவோம்.