உளவாளி யார்? 'டின்னர் டைம்' பதிலில் சிக்கிய ஒற்றன்: 'ஸ்டாலக் 17' படம் சொல்லும் கதை

1944 டிசம்பர். ஜெர்மானியர்களின் போர்க் கைதி முகாம். சுரங்கம் தோண்டி இரண்டு அமெரிக்க வீரர்கள் முள்வேலிக்கு வெளியே வருகிறார்கள். அங்கே ஜெர்மன் காவலர்கள் மெஷின் கன்னோடு தயாராகக் காத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அப்போ, தகவல் கொடுத்தது யார்?

பில்லி வைல்டர் இயக்கி 1953-ல் வெளியான 'ஸ்டாலக் 17' படம் முழுக்க ஓடுவது இந்த ஒரே கேள்விதான். (முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் படம் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். கீழே எல்லாமே ஸ்பாய்லர்.)

யார் மேல் சந்தேகம்?

செஃப்டன் மேல்தான். வில்லியம் ஹோல்டன் நடித்த பாத்திரம் இது. சிகரெட்டைக் காசு மாதிரி வைத்து முகாமுக்குள் வியாபாரம் செய்கிறான். எலிப் பந்தயம் நடத்துகிறான், சாராயம் காய்ச்சுகிறான், காவலர்களோடும் பண்டமாற்று செய்கிறான். தப்பிப் போகும் இருவரும் காட்டைத் தாண்ட மாட்டார்கள் என்று பந்தயம் கட்டி ஜெயித்தும் விடுகிறான். போதாதா? கூட இருப்பவர்களே அடித்துத் துவைக்கிறார்கள். அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் ஆதாரம்!

உண்மையான ஒற்றன் பிரைஸ். பீட்டர் கிரேவ்ஸ் நடித்திருப்பார். அந்தக் கொட்டடியின் பாதுகாப்புப் பொறுப்பாளரே இவன்தான். தப்பிக்கும் திட்டம் எதுவானாலும் முதலில் இவன் காதுக்கு வரும்.

தகவல் எப்படிப் போனது?

தொங்கும் மின்விளக்கின் வயரில் ஒரு முடிச்சு விழுந்தால் 'தகவல் இருக்கு' என்று அர்த்தம். உள்ளே குடைந்த செஸ் ராணிக் காய்க்குள் சீட்டு இருக்கும். வயரின் நிழலை வைத்துத்தான் செஃப்டனுக்குப் பொறி தட்டுகிறது. பிறகு விமானத் தாக்குதல் எச்சரிக்கை என்று எல்லோரும் வெளியே ஓடும்போது இவன் மட்டும் உள்ளேயே பதுங்கி, பிரைஸ் ஜெர்மன் பேசுவதைக் கேட்டுவிடுகிறான்.

ஆனால் உடனே வாயைத் திறக்கவில்லை. படத்தின் உயிரே இந்த இடம்தான். காட்டிக் கொடுத்தால், ஜெர்மானியர்கள் பிரைஸை வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இன்னும் எத்தனை பேர் சாவார்களோ. இங்கேயே கொன்றால், கொட்டடியில் இருக்கும் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அதுவும் போக, ஏற்கெனவே துரோகிப் பட்டம் வாங்கியவன் பேச்சை யார் நம்புவார்?

கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி கேட்கிறான். பேர்ல் ஹார்பர் தாக்குதல் எப்போது? 1941 டிசம்பர் 7 என்று பிரைஸ் சரியாகவே சொல்கிறான். எத்தனை மணிக்கு? மாலை ஆறு மணி, டின்னர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்கிறான். மாட்டிக்கிட்டான். அது பெர்லின் நேரம். அவன் சொந்த ஊர் என்று சொல்லிவந்த கிளீவ்லாந்தில் அப்போது மதிய சாப்பாட்டு நேரம்.

உண்மையில் இந்தக் கணக்கு இடிக்கிறது. தாக்குதல் தொடங்கியபோது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. ரேடியோவில் செய்தி வரவே சுமார் இரண்டரை மணி. பெர்லினில் இரவாகியிருக்கும். தியேட்டரில் இதை யார் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

முடிவு கொடூரமானது. பிரைஸின் காலில் தகர டப்பாக்களைக் கட்டி, இரவில் வெளியே தள்ளிவிடுகிறார்கள். சத்தம் கேட்டு சர்ச்லைட் திரும்புகிறது. ஜெர்மானியர்கள் தங்கள் ஆளையே சுட்டுத் தள்ளுகிறார்கள். அந்தக் கலவரத்தில் செஃப்டன், ஜெர்மானியர்கள் தேடும் அதிகாரி டன்பாரைக் கூட்டிக்கொண்டு வேலியை வெட்டித் தப்பிக்கிறான்.

நிஜ முகாமா?

ஆமாம். ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகர் அருகே இருந்த 'ஸ்டாலக் 17 பி' முகாமில் கைதிகளாக இருந்த டொனால்ட் பெவன், எட்மண்ட் டிர்சின்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய நாடகம் 1951-ல் பிராட்வேயில் மேடையேறியது. அதுதான் படமானது. டிர்சின்ஸ்கி கைதியாகவே ஒரு சின்ன வேடத்தில் வருவார்.

செஃப்டன் ரொம்ப சுயநலக்காரனாக இருக்கிறான், ஜெர்மானியர்களைக் கொஞ்சம் வெறுக்கிற மாதிரி வசனம் வேண்டும் என்று ஹோல்டன் கேட்டதாகவும், வைல்டர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். அந்த வேடத்துக்குத்தான் ஹோல்டனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் அவர் பேசியது நன்றி என்பதை மட்டும்தான்.

வைல்டர் ஒரு யூதர். அவருடைய தாய் நாஜிகளின் இனப்படுகொலையில் பலியானவர். பிற்பாடு ஜெர்மனி வெளியீட்டுக்காக, உளவாளியைப் போலந்துக்காரன் என்று மாற்றலாமா என்று தயாரிப்பு நிறுவனமான பாரமவுண்ட் தரப்பிலிருந்து கேட்டபோது, அவர் கொதித்துப் போனார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மன்னிப்பு வரவில்லை.