எள் முதல் மூச்சு வரை

எள் 80, 90 நாள் பயிர். அடிக்காய் மஞ்சளாகி இலை உதிரத் தொடங்கியதும் அறுத்தாக வேண்டும். நாள் கடத்தினால் காய் வெடித்து விதை மண்ணில் கொட்டிவிடும். அறுத்த செடியைப் போராக அடுக்கி, உலர்த்தி, தட்டிப் புடைத்தால் பொடி விதை கையில் நிற்கும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அடுத்த தலைமுறை முளைவிடுவதற்காகச் செடி சேர்த்து வைத்த கொழுப்பு அது.

அந்தக் கொழுப்பைச் சுலபமாகப் பிரிக்க முடியாது. செக்கில் கொட்டி உலக்கையைச் சுழற்றினால் எள் முதலில் நசுங்கும், பிறகு மாவாகும். உரலுக்கும் உலக்கைக்கும் நடுவே உராய்ந்து சூடேறும்போது எண்ணெய் இளகும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்து ஆட்டினால் மாவு இறுகிப் புண்ணாக்காக ஒதுங்கும். எண்ணெய் தனியே பிரியும். வடித்து வெயிலில் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும்.

செக்கைச் சுற்றியவை மாடுகள். 1908இல் தண்டனை பெற்ற விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சிதம்பரனாரைக் கோவைச் சிறையில் அந்த மாடுகளின் இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து உழைக்கும் மனிதரால் தரக்கூடியது சுமார் 75 வாட்தான், அதாவது பத்தில் ஒரு பங்கு. விலங்கின் வேலையை மனித உடம்பில் சுமத்திய கொடுமை இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பிறகு மோட்டார் வந்தது. பல்சக்கரமும் பேரிங்கும் மாட்டின் இடத்தைப் பிடித்தன. செக்குக்கு உராய்வு ஓரிடத்தில் வேண்டும், இன்னோரிடத்தில் ஆகாது. உரலுக்குள் உராய்வுதான் எண்ணெயைப் பிழிகிறது. சுழலும் தண்டிலோ அது மின்சாரத்தைத் தின்று வெறும் சூடாக்குகிறது. பேரிங் அதைத்தான் குறைக்கிறது. 1900இல் அமெரிக்காவின் வலேரியஸ் ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற எக்ஸ்பெல்லர், திருகாணியின் அழுத்தத்தால் விடாமல் பிழிகிறது. எக்ஸ்பெல்லர் புண்ணாக்கைவிடச் செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கும்.

இப்படிப் பிழிந்த நல்லெண்ணெய் குச்சனூருக்கும் வந்து சேர்கிறது. சின்னமனூரை அடுத்த இவ்வூரில் சனீஸ்வரர் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார். சனிக்கிழமைகளில், அதிலும் ஆடிச் சனிக்கிழமைகளில், சுரபி நதியில் குளித்துவிட்டு மக்கள் எள்தீபம் ஏற்றுகிறார்கள். திரி எண்ணெயை உறிஞ்சி மேலேற்ற, சுடரில் அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிக் காற்றில் கலக்கிறது.

தோசைக்கு ஊற்றிய எண்ணெய்க்கும் முடிவு அதுவேதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அதைச் செலவழிக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடக்க வேண்டும். செலவழியாதது கொழுப்பாகத் தங்கும். உடம்பில் 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. கொழுப்பு வியர்வையாக உருகி வழிவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதியும் மூச்சாகத்தான் போகிறது.

கொழுப்பை எரிக்கும் உழைப்புக்கும் செக்கைப் போலவே ஒரு சிறைக்கதை உண்டு. 1818இல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் கைதிகள் மிதிப்பதற்காக ஒரு பெரிய சக்கரத்தை வடிவமைத்தார். டிரெட்மில் என்ற அதன் பெயர் இன்று ஜிம் இயந்திரத்துக்கு வந்திருக்கிறது. பிறர் கட்டாயப்படுத்தி வாங்கும் உழைப்பு தண்டனை. நாமாக விரும்பிச் செய்யும் உழைப்பு உடம்புக்கு மருந்து.

மாட்டின் பாட்டையும் கைதியின் பாட்டையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது பெரும் நன்மை. அதை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. ஆனால் நாம் தின்ற எண்ணெயை நமக்காக எரித்துத் தர எந்த மோட்டாராலும் முடியாது. ஆகவே குச்சனூருக்கு விளக்கேற்றப் போகிறவர்கள், நடக்க முடிந்தால், வண்டியைச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டு மிச்சத் தூரத்தை நடந்து போகட்டும்.