இழைமணி மென்சவ்வுகளின் ஊடான கடத்தல்

இழைமணி மென்சவ்வுகளின் ஊடான கடத்தல் என்பது உயிரணுவில் உள்ள இழைமணிக்குள் (மைட்டோகாண்ட்ரியா) பொருட்கள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் குறிக்கும். இழைமணியை இரண்டு மென்சவ்வுகள் சூழ்ந்துள்ளன. வெளி மென்சவ்வு பல பொருட்களை எளிதில் விடுகின்றது. உள் மென்சவ்வோ மிகச் சிலவற்றையே தடையின்றி விடுகின்றது.

வெளி மென்சவ்வு

போரின் என்னும் புரதங்கள் இம்மென்சவ்வில் துளைகளை அமைக்கின்றன. ஏறத்தாழ 5,000 டால்டனுக்குக் குறைந்த மூலக்கூறுகள் இத்துளைகளின் வழியே செல்லும். பெரிய புரதங்களுக்குத் தனி நுழைவாயில்கள் உண்டு.

உள் மென்சவ்வு

ஆக்சிசன், கரியமில வாயு ஆகியன இதனை நேரடியாகக் கடக்கும். ஆனால் மிகச் சிறிய புரோட்டானால் கூட எளிதில் கடக்க இயலாது. உயிரணுச் சுவாசத்தின்போது வெளியேற்றப்படும் புரோட்டான்கள் இதனால் வெளிப்புறம் தேங்குகின்றன. அவை ஒரு நொதியின் வழியாக உள்ளே திரும்பும்போது அடினோசின் முப்பொசுபேட்டு உருவாகின்றது. இக்கருத்தை 1961 இல் முன்வைத்த பீட்டர் மிட்செல், 1978 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

முதன்மைக் கடத்திகள்

ஏனைய பொருட்கள் தத்தமக்குரிய கடத்திப் புரதங்களின் வழியே செல்கின்றன.

* பைருவேட்டுக் கடத்தி: சர்க்கரைச் சிதைவில் உண்டாகும் பைருவேட்டை உள்ளே செலுத்துகின்றது. இதன் மரபணுக்கள் 2012 இல் அடையாளம் காணப்பட்டன.
* கார்னிட்டைன் கடத்தி: நீண்ட கொழுப்பு அமிலங்கள் கார்னிட்டைனுடன் இணைந்து உட்செல்ல உதவுகின்றது.
* கால்சியம் வாயில்: இழைமணி கால்சியத்தை உள்ளிழுப்பது 1960களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. எனினும் அதற்குரிய புரதத்தை 2011 இல்தான் இந்தியாவில் பிறந்த வம்சி மூத்தாவின் குழுவும் இத்தாலியின் உரோசாரியோ இரிசூட்டோவின் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன.
* நியூக்கிளியோட்டைடுக் கடத்தி: ஓர் அடினோசின் முப்பொசுபேட்டை வெளியே அனுப்பி, ஓர் இருபொசுபேட்டை உள்ளே எடுக்கின்றது.

கடத்தலைத் தடுக்கும் நஞ்சு

தமிழ்நாட்டின் தரிசு நிலங்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் வளரும் மருளூமத்தையின் விதையிலும் நாற்றிலும் கார்பாக்சிஅட்ராக்டிலோசைடு என்னும் நஞ்சு உள்ளது. இது நியூக்கிளியோட்டைடுக் கடத்தியைப் பற்றிக்கொண்டு அசைய விடாமல் செய்கின்றது. இழைமணிக்குள் முப்பொசுபேட்டு இருந்தும் உயிரணுவின் பிற பகுதிகளுக்கு அது கிட்டுவதில்லை. இந்நாற்றை மேயும் கால்நடைகள் இறப்பதுண்டு. 2007 இல் வங்காளதேசத்தின் வடகிழக்குப் பகுதியில் உணவுப் பற்றாக்குறையால் இதனைக் கீரையாகச் சமைத்து உண்ட மக்களில் 76 பேர் நோயுற்றனர். அவர்களுள் 19 பேர் இறந்தனர்.

இந்நஞ்சு பிணைந்த நிலையிலேயே இக்கடத்தியின் முப்பரிமாண அமைப்பு 2003 இல் முதன்முதலாகத் தெளிவாக அறியப்பட்டது.