மீன்தலை வேகவச்ச தண்ணி

போன வருஷம் அம்மா ஆறு மாச விசாவில் சாக்ரமெண்டோ வந்திருந்தாங்க. வந்த மூணாம் நாளே எங்க வீட்டுப் பூனை மணியின் தட்டில் இருந்த பழுப்பு உருண்டைகளைப் பார்த்துட்டு, "இது சோறாடா? கோழித் தீவனம் மாதிரி இருக்கு" என்றார். அடுத்த நாள் தட்டில் குழைந்த சோறும் வேகவைத்த மீனும். மணி தட்டை நக்கி பளபளன்னு ஆக்கிட்டான். பழுப்பு உருண்டையை அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் உளறித் தொலைத்தேன். வீட்டுச் சாப்பாட்டை உடனே நிறுத்தச் சொல்லிட்டார். கூட வந்த அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், "நீலசந்திராவில் பதினாலு பூனை வளர்த்தவ நான். அவங்க எத்தனை வளர்த்தாங்களாம், கேளு" என்றார். கேட்கலை. (எனக்கு இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கே :-))

இந்தச் சண்டை எங்கிருந்து ஆரம்பிச்சதுன்னு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். ஏன்னா, எண்பதுகளில் எங்க நீலசந்திரா வீட்டில் இப்படி ஒரு சண்டையே கிடையாது. பூனைக்கு என்ன போடணும்னு எந்த டாக்டரையும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் மாட்டைப் பற்றித்தான் பேசியிருப்பார். அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஊர் கால்நடை மருத்துவம் ராணுவக் குதிரைக்கும் உழவு மாட்டுக்கும் பால் மாட்டுக்குமாக வளர்ந்த படிப்பு. சென்னை கால்நடைக் கல்லூரி 1903ல் வந்தது. எங்க பேட்டைக்குப் பக்கத்திலேயே ஆடுகோடியில் 1923ல் வெள்ளைக்காரன் மாடு வளர்ப்புக்கும் பால்பண்ணைக்குமாக ஒரு நிலையம் தொடங்கினான். 1927ல் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் ஓய்வெடுத்த காந்தி அங்கே போய் மாடு பராமரிப்பு கத்துக்கிட்டார். அந்த நிலையத்தின் தலைமையகம் 1955ல் கர்நாலுக்குப் போயிடுச்சு, ஆனா ஆடுகோடியில் கிளை இன்னும் இருக்கு. இத்தனையிலும் பூனை எங்கேயும் நோயாளி கிடையாது. பாலைத் திருடுகிற ஜந்து, அவ்வளவுதான்.

பாக்கெட் தீவனத்தின் கதை வேற ஊரில் ஆரம்பிக்குது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் பூனைக்குக் குதிரைக்கறி விற்கத் தனி வியாபாரிகளே இருந்தாங்க. துண்டுகளைக் குச்சியில் குத்தி வீடு வீடா விற்பாங்களாம். ஒஹையோக்காரர் ஜேம்ஸ் ஸ்ப்ராட், இடிதாங்கி விற்க லண்டன் போனவர், 1860 வாக்கில் கோதுமையும் காய்கறியும் இறைச்சியும் சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்க ஆரம்பிச்சார். இடிதாங்கி என்ன ஆச்சோ, பிஸ்கட் ஓடிச்சு. அப்புறம் டின் தீவனம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வரவும் உலர் தீவனம் மேலே வந்தது. 1957ல் பூரினா கம்பெனி, மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சு வழியாப் பிதுக்கிப் பொரியவைக்கிற முறையில் நாய்த் தீவனம் கொண்டு வந்தது. நம்ம முறுக்கு அச்சைப் பெருசா யோசிச்சுக்கோங்க. அப்படிப் பொரிய மாவுச்சத்து வேணும். சோளமும் அரிசியும் உள்ளே போன காரணத்தில் பாதி அதுதான். அம்மா சொன்ன 'கோழித் தீவனம்' அவ்வளவு தப்பில்லை.

இனிமேல்தான் எனக்குத் தூக்கம் போன இடம். டாரின்னு ஒரு சத்து. 1827ல் மாட்டுப் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும், நாயும் பெரும்பாலும் செஞ்சுக்கும். பூனையால் தேவையான அளவு முடியாது. அதிலும் பித்த உப்பு தயாரிக்க டாரினையே நம்பியிருப்பதால் தினமும் கொஞ்சம் வெளியே போய்க்கிட்டே இருக்கும். எலியிலும் மீனிலும் கறியிலும் டாரின் உண்டு. அரிசியில் கிடையாது, பாலில் ரொம்பக் கம்மி. 1975ல் டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளுக்கு விழித்திரை கெடுதுன்னு கண்டுபிடிச்சாங்க.

அதுக்கப்புறமும் பூனைகள் செத்துக்கிட்டுத்தான் இருந்தன. இதயம் பலூன் மாதிரி விரிந்து, துடிப்பு தளர்ந்து போகிற நோய். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். காரணம் தெரியலை. எங்க வீட்டிலிருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர்கூட இல்லாத டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற இளம் மருத்துவர் அந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரினை அளந்து பார்த்தார். அடிமட்டத்தில் இருந்தது. 1987ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் இப்படி 21 பூனைகள். எல்லாம் கடைத் தீவனம் தின்றவை. அதுவும் அன்றைய நிபுணர்கள் போதும்னு சொன்ன டாரின் அளவோட இருந்த தீவனங்கள்! டாரின் கொடுத்ததும் பெரிதாகிப் போன இதயம் திரும்பச் சுருங்கிச்சு. அதுவரை தீராத நோய்னு நினைச்சது. கம்பெனிகள் அளவைக் கூட்டின, நோயும் அரிதாச்சு. டின்னில் வேகவைக்கும் தீவனத்துக்கு உலர் தீவனத்தைவிட இரு மடங்கு டாரின் வேணும்னு இன்றைய அமெரிக்க அளவுகோல் சொல்லுது.

இருபது வருஷம் கழிச்சு, மார்ச் 2007ல், இன்னொரு அடி. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தாங்க. சோதனையில் புரதம் அதிகமா காட்டணும்னு. ஆறு கோடிக்கு மேல டின்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. சிறுநீரகம் கெட்டுச் செத்த பூனை, நாய்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் மறுநாள் காலையில் சொன்னேன். ஏதோ சட்டசபைத் தேர்தலில் ஜெயிச்ச மாதிரி காப்பியை ஆற்றிக்கிட்டு, "நான் அப்பவே சொல்லலை?" என்றார். ஆனா முழுசாச் சொல்லணுமே. 2019ல் அதே டேவிஸ்காரங்க புத்தகத்திலும் இணையத்திலும் கிடைத்த 114 வீட்டுச் சமையல் பூனை உணவுச் செய்முறைகளை அலசினாங்க. எல்லாச் சத்தும் சரியா இருந்தது ஒண்ணுகூட இல்லை. முள் நீக்கின மீனும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டா கால்சியம் பத்தாது. சில மீன்களைப் பச்சையாப் போட்டா தயமின் என்ற பி1 அழிஞ்சுடும். அம்மா முகம் மாறிடுச்சு. "அப்ப என் பூனைங்க எப்படி இருந்துச்சு?" என்றார். எனக்குத் தோணினதைச் சொன்னேன்: அதுங்க எலி தின்னுச்சு. எலியில் எலும்பிலிருந்து டாரின்வரை எல்லாம் இருக்கு. இந்த வீட்டுல எலி ஏதும்மா. தயிர்சோறு மட்டும் தின்ற செவலைக்குக் கடைசியில் கண் தெரியாமல் போச்சே, அதை நானும் சொல்லலை, அவங்களும் சொல்லலை.

இதற்குள் இங்கே வேற பிரச்சினை. டாக்டர் பேச்சைக் கேட்டு மீனை நிறுத்தினதும் மணி பட்டினி. ஒரு நாள், ரெண்டு நாள். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தா கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்துன்னு படிச்சிருந்ததால் பயந்து திரும்ப ஓடினேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு. டாக்டரம்மா இந்தத் தடவை அதட்டலை. "எப்படிச் சமைக்கிறீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று அம்மாவையே கேட்டார். மீன்தலையை உப்பில்லாம வேகவைப்பேன், சதையை உதிர்ப்பேன், அந்தத் தண்ணியிலயே சோத்தைக் குழைப்பேன்...

"தண்ணியைக் கொட்ட மாட்டீங்களா?"

"அதுலதானேம்மா ருசி."

டாரின் தண்ணியில் கரையுமாம். வேகவைத்த தண்ணியைக் கொட்டினா பாதிக்கு மேல அதோடு போயிடுமாம். டாக்டரம்மா குறிப்பில் எழுதிக்கிட்டார். சோத்தைப் பாதியாக் குறைக்கணும், வெங்காயம் பூண்டு பக்கமே போகக்கூடாது, எடை போட்டு ஒரு சத்துப் பொடி கலக்கணும், பழுப்பு உருண்டையையும் தண்ணியில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும். இதான் ஒப்பந்தம். அம்மா பொடியை மோந்து பார்த்துட்டு, "சும்னே மருந்து வாசம்" என்று சொன்னாலும் தினமும் தராசில் நிறுத்துத்தான் போட்டாங்க.

ஊருக்குத் திரும்பிட்டாங்க. இப்ப நான்தான் மீன்தலை வாங்கக் கொரியன் கடைக்குப் போறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினா முதல் கேள்வி எனக்கில்லை, "மணி தண்ணியோட சாப்பிடுறானா?"