‘அதிவேகம்’ என்ற பத்தியும் கிராமத்து ஓட்டுநரும்

கிராமப்புற ஓட்டுநர் ஆபத்தைப் பொருட்படுத்தாதவர், எல்லாம் தலையெழுத்து என்று வண்டி ஓட்டுபவர் என்ற முடிவு சாலைப் பாதுகாப்பு ஆய்வுகளில் வேரூன்றிவிட்டது. அதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அதன்படி 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். ஏறத்தாழ 68 விழுக்காடு கிராமப்புறங்களில். மொத்த இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகம் காரணம். தனித்தனி அட்டவணைகளில் உள்ள இவ்விரு விகிதங்களையும் ஒட்டவைத்துத்தான் கிராமத்து மனப்போக்கைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இந்த வாசிப்பு நிற்காது என்பதே என் வாதம்.

விபத்துக் காரணத்தைப் பதிவுசெய்வது காவல் நிலையம். தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளில், வண்டியை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டிவந்து மோதியதாகவே புகார் பெரும்பாலும் அமைகிறது. அப்படி எழுதச் சட்டத்தில் காரணம் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளும், 2024 ஜூலை முதல் அவற்றின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகளும் ஓட்டியவரின் அலட்சியத்தைக் குற்றமாக்குகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கோரும் குடும்பமும் அதே அலட்சியத்தைக் காட்டியாக வேண்டும். காவலர், வழக்கறிஞர், இறந்தவர் வீட்டார் மூவருக்கும் தேவையான வாசகம் அது. வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று பெரும்பாலும் யாரும் அளந்திருக்கமாட்டார்கள். வழக்குக்காக எழுதியதை உளவியல் சான்றாக எடுத்தாள்வது முறையன்று.

அதே வழக்குக் கட்டில், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் பார்வை மகஜரும் அந்த இடத்தின் மாதிரி வரைபடமும் இருக்கின்றன. மனப்பான்மை ஆய்வுகள் இவற்றைத் தொடுவது அரிது. நான்குவழிச் சாலையோரம் ஒருவர் எதிர்த்திசையில் மொபெட் ஓட்டிவருவதை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் வயல் ஒரு பக்கம், ஊர் மறுபக்கம், நடுத்திட்டில் திறப்பு வெகுதூரம் தள்ளி, அணுகுசாலை கிடையாது. முறைப்படி சுற்றிப் போனால் முதுகுக்குப் பின்னால் லாரி வரும். ஓரமாக எதிரே வந்தால் வருகிற லாரி கண்ணுக்குத் தெரியும். அவர் போட்ட கணக்கு தப்பாக இருக்கலாம். ஆபத்தை எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார். ஊருக்குள் பெட்ரோல் டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட் பைபாஸ் ஏறும்போது தலைக்குப் போவதும் இத்தகையதே. போலீஸ் பயம்தான் என்பார்கள். சோதனை இல்லாத இடத்திலும் அப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

வேகம் உயிரைக் குடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்த 50,029 பேருக்கு எந்த வாதமும் சமாதானமாகாது. விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடப்பதால் அலட்சியமே காரணம் என்பது மட்டும் எடுபடாது. நம் சாலைகளில் பெரும்பகுதி நேரானவை. கிலோமீட்டருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்காதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

கிராமத்து ஓட்டுநரின் மனத்தைப் பற்றி எழுத முனைவோர், உரிய அனுமதியோடு ஒரு காவல் நிலையத்தின் ஓராண்டு மாதிரி வரைபடங்களையாவது படித்து, அந்த இடங்களையும் நேரில் பார்த்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.